தைப்பூசத்தன்று எண்ணிய தலைகள்

அந்த ஆண்டு நான் வேலை பார்த்த நகரத் திட்டமிடல் அலுவலகத்தால் ஒரே ஒரு சந்துக்குத்தான் வடிகால் கட்ட முடியும். அதிகம் பேர் குடியிருக்கும் சந்துக்கே முன்னுரிமை. சிராங்கூன் சாலை அருகே நாங்கள் குடியிருந்த சந்தில் எண்ணும் குழு ஆட்களை எண்ண வந்த நாள் தைப்பூசம். அதற்குப் பொது விடுமுறை நின்றுபோயிருந்ததால், நாள் குறித்தவர்களுக்கு அது உறைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் லீவு போட்டுவிட்டு டேங்க் ரோடு கோயிலில் இருந்தோம். பூட்டிய அறைகள் காலி என்று பதிவாயின. மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்டேன். இருந்த ஒரே குழு வேறு வட்டாரத்துக்குப் போய்விட்டிருந்தது. எண்ணிக்கையில் முந்திய வேறொரு சந்துக்கு வடிகால் போனது.

அடுத்த மழையில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. பக்கத்து அறை அக்கா வாளியால் இறைத்துக்கொண்டே, "முருகனுக்கு லீவு இல்லேன்னாங்க. இப்ப கும்பிடப் போனவங்களுக்கு வடிகாலும் இல்லையா லா?" என்று சிரித்தார்.

வடிகால் கிடைத்த அந்த இன்னொரு சந்துக்கும், அது கட்டப்படும் முன்பு ஒரு மழைநாளில், நான் வேலையாகப் போயிருந்தேன். அங்கும் குழந்தைகள் இதே தண்ணீரில்தான் நின்றார்கள். நானும் ஒரு வாளியை எடுத்து அக்காவோடு சேர்ந்து இறைத்தேன்.