இரண்டு என்று எழுதிய கொப்பி

போன வாரம் முழங்கால் வலிக்காக ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போயிருந்தேன். முப்பது வருடம் மற்றவர்களுக்கு ஊசி போட்ட கை என்னுடையது. இந்தத் தடவை நோயாளியாக வரிசையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்த ஒரு தாதி, சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடிகிற ஓர் அட்டையை நீட்டி, “அன்டி, வலி எவ்வளவு? சைபரிலிருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க” என்றாள். கால் எரிந்துகொண்டிருந்தது. ஏழோ எட்டோ சொல்லியிருக்க வேண்டும். என் வாய், “ரெண்டு” என்றது. அவள் அதை நம்பி எழுதிக்கொண்டு போனாள். ஒரு பனடோல் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன். நல்லா வேணும் எனக்கு.

அந்த அட்டைக்கு வழவழவென்று புதுப் பிளாஸ்டிக் வாசம். எங்கள் காலத்தில் முகம் எல்லாம் கிடையாது. எக்ஸ்ரே பிலிம் வந்த காகிதப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அடிமட்டத்தால் ஒரு கோடு இழுத்து, சைபரிலிருந்து பத்து வரை எண் போட்ட ஓர் அட்டைதான். அதைச் செய்தவர் சோமா சிஸ்டர். அதைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகத் திரிந்தவள் நான்.

தெரணியகலைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். அம்மா இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். தாதிப் பயிற்சி முடிந்து வெள்ளை உடுப்போடு ஊருக்குப் போன அன்று, அம்மா என்னைச் சாமி ஊர்வலம் போல லயம் லயமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பாதி வழியில் காலுறைக்குள் இரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி ஏறி நான் அலறிய அலறலில் ஊரே சிரித்தது. பிறகு கொஞ்ச நாள் என் பெயர், அட்டைக்குப் பயந்த மிஸி. எங்கள் பக்கம் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்கு வேலை கிடைத்தது அந்த மாவட்டத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு வாக்கில். தோட்டத்துப் பெண்கள் வந்து படுத்தால் இறப்பர் பாலின் புளித்த வாடையும் கூடவே வரும். எத்தனை தரம் குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாத வாடை அது. மற்றத் தாதிகள் மூக்கைச் சுளிப்பார்கள். அது என் அம்மாவின் வாடை. ஆனால் அவர்களோடு சேர்ந்து நானும் மூக்கைச் சுளித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

சோமா சிஸ்டர் வார்டுப் பொறுப்பாளர். சனி ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போய்ப் படித்து, நடுத்தர வயதில் பட்டம் வாங்கியவர். பட்டத்தோடு ஒரு வியாதியும் தொற்றிக்கொண்டு வந்தது. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பார். நோயாளிகளை விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பி முகம் கழுவ வைப்பது எங்கள் வழக்கம். “யார் சொன்னது?” என்றார். பெரிய டொக்டராக இருக்கும் என்றோம். நேரே போய் அவரிடமே கேட்டார். அவரோ, அது தாதிமார் வைத்த சட்டம் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாராம். சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நாள் முதல் நோயாளிகள் ஆறரை வரை தூங்கினார்கள்.

“நங்கி,” என்பார் என்னை. சிங்களத்தில் தங்கச்சி. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சிங்களத்தில்தான். “சொன்னதச் செஞ்சிட்டுப் போனா நாம வெறும் கைதான். பார்த்து, எழுதி, எண்ணிப் பார்த்தாத்தான் நம்ம வேலைக்கு ஒரு தலை முளைக்கும்.” ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் வெள்ளெலியும் என்று நினைத்திருந்த எனக்கு, தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியும் சிவப்புப் பேனையும் போதும் என்றது ஆச்சரியமாக இருந்தது.

அவர் எடுத்த கேள்வி சின்னது. வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்த தாய்மாருக்கு எவ்வளவு வலிக்கிறது? நாங்கள் கொடுக்கிற மருந்து போதுமா? நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அட்டையைக் காட்டி, அவர்கள் சொல்லும் எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும். தமிழ் பேசுகிறவர்கள் என் பொறுப்பு. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் கோடு போட்டுக் கட்டம் கட்டிக் கொடுத்தார். முதல் கிழமைகளில் எங்கள் பெண்கள் ஆறு என்றார்கள், எட்டு என்றார்கள். ஒருத்தி, “நூறு போட்டுக்கங்க மிஸி” என்றாள்.

அப்புறம் ஒரு பெண் ஒன்பது என்றாள். அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. கொழும்புக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே பஸ்ஸில் போன புருஷனை வழியில் சோதனைச் சாவடியில் இறக்கிப் பிடித்துவைத்தார்கள். அவனிடம் அடையாள அட்டை இல்லை. போர் நடந்த காலம், தோட்டத்தில் பலரிடமும் அது இல்லாத காலம். கையில் அட்டை இல்லாத தமிழன் கொழும்புப் பாதையில் பட்ட பாட்டை அந்தக் காலத்து ஆட்களிடம் விளக்க வேண்டியதில்லை. அவள் சுகமாகிப் பிள்ளையோடு வீடு திரும்பி வெகுநாள் கழித்துத்தான் அவனை விட்டார்கள்.

அவளைக் கொழும்புக்கு அனுப்பியது இரத்தத்துக்காக. எண்ணுக்காக அல்ல. ஆனால் லயங்களில் கதை வேறு மாதிரிப் பரவியது. பெரிய நம்பர் சொன்னால் கொழும்பு, கொழும்பு என்றால் புருஷன் உள்ளே. அடுத்தடுத்து வந்தவர்கள் அட்டையைப் பார்த்ததும் கேட்டார்கள்:

“மிஸி, எத்தன சொன்னா இங்கயே வச்சிருப்பாங்க?”

அப்படியில்லை என்று ஒன்றிரண்டு பேருக்கு விளக்கினேன். நம்பவில்லை. மூன்றாவதாகக் கேட்டவள் எங்கள் தோட்டத்துக்காரி. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு மனசு தாங்கவில்லை.

“ரெண்டுன்னு சொல்லுங்கக்கா. ஒங்க மொகத்தப் பாத்து நான் மருந்து வாங்கித் தர்றேன்” என்றேன்.

அது கட்டிலுக்குக் கட்டில் போனது. பிறகு தோட்டத்துக்குத் தோட்டம் போனது. சிங்களத் தாதிகள் கேட்டால், “தெக்கய் மிஸி” என்று சிங்களத்திலேயே இரண்டு சொல்லப் பழகிவிட்டார்கள். நான் முகத்தைப் பார்ப்பேன், டொக்டரின் பின்னாலேயே போய் ஊசிக்கு எழுதி வாங்குவேன். கொப்பியில் இரண்டு என்று எழுதுவேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி எனக்கே நினைப்பு.

கொப்பி நிறைந்ததும் சிஸ்டர் கணக்குப் போட்டார். “உங்க ஆக்களுக்கு என்ன பொறுமை, நங்கி!” என்று என் தோளைத் தட்டினார். இரத்தினபுரியில் நடந்த தாதியர் கூட்டமொன்றில் அதை வாசித்தார். எங்கள் ஆஸ்பத்திரித் தாதிகள் தாங்களாகக் கண்டுபிடித்த முதல் விஷயம் அது. கீழே என் பெயரும் இருந்தது. புதுச் சாரி உடுத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். தோட்டத்துப் பெண்கள் வலி பொறுப்பவர்கள் என்று அவர் சொன்னபோது மண்டபம் கைதட்டியது. எங்களைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லி நாலு பேர் கைதட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டியிருந்தது. நானும் சேர்ந்து தட்டினேன்.

அடுத்த மாதம் வார்டுச் சுவரில் ஒரு தாள் ஏறியது. நோயாளி சொல்லும் எண் மூன்றும் அதற்குக் கீழும் என்றால் வாயில் போடும் குளிசை மட்டும். அதற்கு மேல் என்றால் ஊசி, டொக்டருக்கும் உடனே சொல்ல வேண்டும்.

பாக்கியம் அக்கா என் அம்மாவுக்குப் பக்கத்து மரங்களில் பால் வெட்டுகிறவர். மூன்றாவது பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். நான் மூன்று நாள் லீவில் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து காலை பத்து மணிக்கு வார்டுக்குள் நுழைந்தபோது, அவர் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வயிற்றைத் தொட்டேன். பலகையாக இருந்தது. கொப்பியைப் புரட்டினேன். தமிழ் தெரியாத ஒரு சின்னத் தாதியின் கையெழுத்தில், கட்டத்துக்குக் கட்டம் இரண்டு.

“அக்கா, எத்தன? உண்மையச் சொல்லுங்க.”

“நீதானம்மா சொல்லச் சொன்ன” என்றார். மூச்சு வாங்கியது. “ரெண்டுன்னே எழுதிக்க. அவருகிட்ட கார்டு இல்ல.”

ஓடினேன். டொக்டர் வந்தார், இன்னொரு டொக்டர் வந்தார். கொழும்புக்கு அனுப்ப அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். அது வாசலுக்கு வருவதற்குள், பின்னேரம் மூன்று மணிக்கு, பாக்கியம் அக்கா போய்விட்டார். உள்ளுக்குள் அழுகி இரண்டு நாளாம்.

சிஸ்டர் கொப்பியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “சாகப்போற பொம்பள ஏன் நங்கி ரெண்டுன்னு சொன்னா?”

“தெரியல சிஸ்டர்” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பயம். வேலை போய்விடும் என்ற பயம். இறந்தவளின் புருஷன் வெளியே நிற்கிறான் என்ற பயம். அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற கஞ்சத்தனமும் அதற்குள் இருந்தது.

சில நாளில் சிஸ்டர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். வலியை எண்ணில் கேட்டதே பிழை என்றார். சுவரிலிருந்த தாளைக் கிழித்தார். அடுத்து, புண் ஆறுவதைப் பற்றி எழுதவென்று ஐந்து புதுக் கொப்பிகள் வாங்கி வைத்திருந்தார். அவை வார்டுத் துணிக்கணக்குக்குப் போயின. அதற்குப் பிறகு அவர் எதையும் ஏன் என்று கேட்டு நான் காணவில்லை.

அந்த வார்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். பழைய கொப்பிகளைக் கழிவுக் காகிதத்தோடு எரித்தார்களாம். கொழும்புப் பாதையில் சோதனைச் சாவடிகள் இல்லை. பாக்கியம் அக்காவின் புருஷனைத் தெரணியகலை பஸ் நிலையத்தில் ஒருநாள் கண்டேன். அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். “இப்ப எங்கயும் போலாம் மிஸி” என்றார்.

போர் முடிந்த வருடம் சோமா சிஸ்டர் புற்றுநோயில் படுத்திருந்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூடச் சேர்த்துவைத்திருந்தேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். “இந்த நங்கியும் நானும்தான் அந்த வேலையச் செஞ்சோம். அவ சரியாத்தான் எழுதினா. நான்தான் பிழையாக் கேட்டுட்டேன்” என்றார். மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் அவர் போய்விட்டார்.