ஆள் மாறி விழுந்த அடி

மூணாறு எஸ்டேட் ஆண்டு விழாவில் ஒரு சிரிப்பு நாடகம் போட்டோம். அடுத்தவன் மனைவியை மயக்க வருகிறவனாக நான் நடித்தேன். கணவனாக நடித்தவர் எங்கள் எஸ்டேட் ஜீப் டிரைவர். ஆறடி உயரம், கரகரத்த குரல். ஒத்திகையில் என்மேல் கட்டையை ஓங்கும்போதெல்லாம், "மெதுவாத்தான் தம்பி" என்று காதோடு சொல்வார்.

விழாவன்று சொல்லவில்லை. முதல் அடியிலேயே என் முன்பல் உடைந்தது. கீழே விழுந்தவனை மிதித்தார். வாயெல்லாம் ரத்தம்.

"அண்ணே, நெசமாவே அடிக்கிறீங்க!" என்று கத்தினேன். அதையும் வசனம் என்று நினைத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி மேடைக்கு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க, இவரு இல்ல!"

சிரிப்பு அடங்கிவிட்டது. டிரைவர் என்னைச் சந்தேகித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கட்டையைக் கீழே போட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே வந்து நின்றார்.

"ஆளு மாறிப்போச்சு தம்பி. மன்னிச்சுக்க."

"அப்ப யாருன்னு அக்காகிட்ட கேட்டீங்களாண்ணே?"

"கேக்கல. கேட்டா சொல்லிருவா."

ஏழு வருடமாகிறது. அவரும் அக்காவும் எஸ்டேட்டில் அதே லயத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர் இன்னும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.