நீதி வழங்கிய கூடம்

கோணக்கை டெய்லர் என்றால்தான் ஊரில் அவளைத் தெரியும். இடது மணிக்கட்டு வெளிப்பக்கம் திரும்பியே இருக்கும். அந்தக் கையால்தான் துணியைத் தள்ளிக் கொடுத்து, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை தைத்துப் பிழைத்தாள். கை எப்படிக் கோணியது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மாடிப்படியில விழுந்துட்டாங்க."

அப்படி முடிவானது ஊர்ச் சமூகக் கூடத்தில். கல்யாணமாகி இரண்டாவது வருடம் புருஷன் அவள் கையை முறுக்கி உடைத்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவன் அவளுடைய அண்ணன். போகிற வழியெல்லாம், "அவனைச் சும்மா விடமாட்டேன்" என்று பல்லைக் கடித்தவன். ஆனால் பெரியவர்கள் கூடத்து மேடையில் உட்கார்ந்து விசாரித்த நாளில், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, படியில விழுந்ததா கேள்விப்பட்டேன்" என்றான். அவள் நாத்தனாரை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுபோகும்.

அவளையே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். இனி அவளுக்கும் ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அவள் கூடத்துக்கு எதிர்த்தெருவிலேயே ஓர் அறை பிடித்தாள். "என் மூஞ்சியைத் தினமும் பார்க்கட்டும்" என்பது அவள் வீம்பு.

காலம் போனது. அண்ணன் செத்தான், புருஷனும் செத்தான். கூடத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. அதைத் தடுக்க அண்ணன் மகன் ஒரு கூடப் பாதுகாப்புக் குழு தொடங்கினான். வெளியூரிலிருந்து ஒரு கட்டடக்கலைப் பெண்மணி வந்து, தேக்குத் தூண்களையும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையும் தடவித் தடவிப் பார்த்தாள். இப்படி ஒரு பாரம்பரியச் சின்னம் சுற்றுவட்டாரத்திலேயே இல்லை என்றாள்.

இடிக்கும் இயந்திரம் வந்த காலையில், குழுவினரோடு வாசலில் போய் நின்றாள் டெய்லர். அண்ணன் மகனுக்கு நம்ப முடியவில்லை.

"நீங்களா அத்தை? இது தொலைஞ்சா சரின்னு இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"இடிச்சுட்டா இப்படி ஒரு இடமே இல்லன்னு ஆயிடும். அப்புறம் எனக்கு நடந்ததும் நடக்கலன்னு ஆயிடும். நிக்கட்டும்டா."

இயந்திரம் திரும்பிப் போனது. கூடம் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. அதன் வரலாற்றைச் சுவரில் எழுதி வைக்கப் போகிறோம் என்று கட்டடக்கலைப் பெண்மணி ஊராரிடம் கதை கேட்டு வந்தாள். டெய்லர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டவள் கண் கலங்கி, "இது கண்டிப்பா வரும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்குப் போனபோது பலகையில் இருந்தது வேறு. 'குடும்பப் பிணக்குகளை நம் பெரியோர் அன்போடும் நீதியோடும் தீர்த்து வைத்த இடம்.' பக்கத்தில், பின்னாளில் அதே மேடையில் பெரியவராக உட்கார்ந்த அண்ணனின் படம், சிரித்த முகமாக. கட்டடக்கலைப் பெண்மணி, "குழுவுல ஒத்துக்கலம்மா" என்று தரையைப் பார்த்தாள்.

அண்ணன் மகன் ஓடி வந்தான். "செத்தவரை எதுக்கு இழுக்கணும் அத்தை? உங்களுக்கு முன்வரிசையில நாற்காலி போட்டிருக்கேன்."

"உயிரோட நான் ஒருத்தி இருக்கேனேடா."

அவள் உட்காரவில்லை. மேடையேறி, மைக்கைப் பிடித்து, முறுக்கியவன் யார், பொய் சொன்னவன் யார் என்று பேசத் தொடங்கினாள். இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை, யாரோ மைக்கை அணைத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. அதற்குமேல் யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. டீ வந்துவிட்டது என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.

கடைசிவரை உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். அவள் அண்ணி, அன்றைய நாத்தனார், புருஷனோடு கூடப் பிறந்தவள். மேடையிலிருந்து இறங்கி வந்தவளிடம் மெல்லச் சொன்னாள்:

"எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன். நீ கத்தினது, எலும்பு முறிஞ்ச சத்தம், எல்லாம் கேட்டுச்சு."

இத்தனை வருடம் பெற்றவள்கூட நம்பாத ஒன்றுக்கு, நாலு வீடு தள்ளியே ஒரு சாட்சி சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இதை வெளிய வந்து சொல்லு அண்ணி. எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க. ஒரே ஒரு தடவை."

"என் பையன் தலைகுனிஞ்சு போயிடுவான். உனக்கென்ன, பிள்ளையா குட்டியா?" என்று சொல்லிவிட்டு அண்ணி சேலையைச் சரிசெய்துகொண்டு டீ கொடுக்கும் பக்கம் நடந்தாள்.

பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன வருடம் அண்ணி இறந்தபோது டெய்லர் துக்கத்துக்குப் போகவில்லை. "என்ன கல்நெஞ்சம் பாரு, சொந்த அண்ணி" என்றது ஊர்.