மேசைக்கு வராத தமிழ்ப் பிரதி

போட்டோ கொப்பி மெஷினிலிருந்து வரும் சூடான கடதாசியின் மணம்... கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த மொழிபெயர்ப்புக் கடைக்குள் நாள் முழுக்க அதுதான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலிஷ் படித்தேன். அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் பெரிய வேலை வந்தது. பல நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கொழும்பில் கூடுகிறார்கள். ஒத்துழைப்புப் பற்றிய கூட்டறிக்கையில் கடைசி நாள் கையெழுத்து வைப்பார்கள். மூன்று மொழியில் பிரதி: இங்கிலிஷ், சிங்களம், தமிழ்.

தமிழ் என்னுடையது.

நாலு நாள் இருந்து எழுதினேன். அந்த மேசையில் தமிழும் இருக்கப்போகிறது என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

கூட்டம் நடந்த ஹோட்டலில், இந்தியக் குழுவோடு வந்த சென்னைச் செயலாளர் ஒருவர் கையெழுத்துக்கு முன் பிரதியைச் சரிபார்த்தார்.

"எல்லாம் சரிங்க ஐயா. 'பாராளுமன்றம்'னு இருக்கே, அதை மட்டும் 'நாடாளுமன்றம்'னு மாத்திடுங்க."

"நாங்கள் இஞ்ச இப்பிடித்தான் எழுதுறனாங்கள்."

"மக்களைப் பாராம ஆளுற மன்றம்னு எங்க ஊர்ல சிரிப்பாங்க."

"அப்ப உங்கட மன்றம் சனம் நாடாத மன்றமோ, தம்பி?"

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். இரண்டு பேரும் விடவில்லை.

கூட்ட ஏற்பாடுகளைக் கவனித்த சிங்கள மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தபடி வந்தார். "அங்கிள், ரெண்டும் பார்லிமென்ட் தானே?"

"ஓம் மிஸ். ஆனா மாத்தேலாது."

கையெழுத்து வைக்கும் மண்டபத்தின் கதவு திறந்தபோது மேசையில் இரண்டு பிரதிகள்தான் இருந்தன. சொல் முடிவானதும் தமிழிலும் கையெழுத்து வாங்கி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

இன்னும் வரவில்லை...

இப்போது வெள்ளவத்தையில் மகளின் பிளாட்டில் இருக்கிறேன். வெளிநாட்டு உறுப்பினர்கள் வந்தால் அறிக்கை உடனே போனுக்கே தமிழில் வந்துவிடுகிறது. கொழும்புப் பேப்பரே ஒருநாள் பாராளுமன்றம் என்கிறது, மறுநாள் நாடாளுமன்றம் என்கிறது. அதற்காக ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை.

"விட்டுக்குடுத்திருக்கலாமே, அப்பா" என்கிறாள் மகள்.

என்னத்துக்கு? சரியான சொல் அது. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதைத்தான் எழுதுவேன்.

ஆனால் மூன்றாவதாக ஒரு தாள் அந்த மேசையில் கிடந்திருந்தால், அதில் இருப்பது எந்தச் சொல் என்று கையெழுத்து வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்தே இருக்காது.

அதை நினைத்தால்தான் அலுப்பாக இருக்கிறது.