வெல்லத்தண்ணி

சூரமங்கலத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் துறையின் பழைய அட்டெண்டர் மாரியப்பன் சாலையைக் கடந்து வந்தார். "ஏனுங்க, சேதி தெரியுமுங்களா? கமலவேணி டாக்டரம்மா முந்தாநேத்தே போயிட்டாங்களாமுங்க. எடுத்தும் ஆச்சாம்." வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

மருத்துவக் கல்லூரியில் அவர் உயிர்வேதியியல் உதவிப் பேராசிரியர். நாங்கள் நால்வர் புது டியூட்டர்கள். பாடம் நடத்தினால் போதும் என்றிருந்த எங்களைச் சனிக்கிழமை மதியங்களில் உட்காரவைத்து ஆராய்ச்சி கற்றுக்கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், வாயே திறக்கமாட்டேன். "பேசாம இருக்கறவ நல்லாப் பார்ப்பா. பார்த்ததை மட்டும் சொல்லு, போதும்" என்பார்.

மரவள்ளிக் கிழங்கை அதிகம் தின்பவர்களுக்குச் சர்க்கரை நோய் கூடுதலா என்பது அவருடைய கேள்வி. ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு உரிக்கும் பெண்களிடம், ஒரு கோடை முழுக்க, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தோம். பலருக்குச் சர்க்கரை கூடியிருந்தது. எங்கள் பெயர்களும் சேர்ந்து கட்டுரை தயாரானது. நாங்கள் வாங்கிவந்த இனிப்பை மேடம் தொடவில்லை. "ரிசல்ட் நல்லா வந்தா முதல்ல சந்தேகப்படுங்க" என்று என்னை மறுபடி ஆலைக்கு அனுப்பினார்.

கிழங்குக் குவியலருகே உட்கார்ந்து விசாரித்தேன். பாவாயி என்ற பெண் சிரித்தார். "வெறும் வயித்துல ரத்தம் குடுத்தா தல சுத்தாதா சாமி? ஊட்டுலயே ஆளுக்கொரு சொம்பு வெல்லத்தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் வந்தோம். டாக்டரம்மா அத்தன தூரம் வாராங்க, நல்ல ரத்தமாக் குடுக்கோணுமில்ல!"

"இவ ரெண்டு சொம்புங்க" என்று பக்கத்துப் பெண் போட்டுக்கொடுத்தார்.

கேட்டதை அப்படியே மேடத்திடம் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுரையை அனுப்பவில்லை. "நமக்கு நல்லது பண்ணத்தான் குடிச்சிருக்காங்க. கேக்கத் தெரியாதது நாமதான். அடுத்த கோடையில மறுபடி எடுப்போம்."

அடுத்த கோடைக்குள் அவரைத் தெற்கே மாற்றிவிட்டார்கள். மற்ற மூவரில் ஒருவர் கிளினிக் வைத்தார், இருவர் ஊரை விட்டே போனார்கள். தனியாக ஆலைக்குப் போக எனக்கு அனுமதி கிடைக்கவில்லை.

போன தை மாதம் படுக்கையில் இருந்தவரைப் பார்க்கப் போனேன். "மறுபடி எடுத்தீங்களா?" என்றார்.

"இல்லைங்க மேடம்."

"சரி" என்றார்.

பாவாயிக்குப் புண் ஆறாமல் கால்விரலை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றே நோய் இருந்ததா, அது வெறும் வெல்லத்தண்ணியா, இனி யாராலும் சொல்ல முடியாது.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். எங்கள் துறை ஆய்வகத்துக்கு ரத்தம் கொடுக்க யார் வந்தாலும், "காலையில என்ன குடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டே கையைப் பிடிக்கிறேன். அவர்கள் ஒளிக்காமல் சொல்கிறார்கள். அதை வைத்து அடுத்து என்ன கேட்பது என்று சொல்லத்தான் எனக்கு ஆளில்லை.