மூச்சுக்கு ஒட்டும் தங்கம்

என் அக்கா சுஜியின் கணவர் சுவிசேஷமுத்து மாமா, பெயிண்டுக்கு முன்னால் மூச்சு விடமாட்டார். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், ஸ்ப்ரே அறையிலேயே தேய்ந்தவர். ஈரப் பெயிண்டில் எச்சில் துளி பட்டாலும் பாகம் ரிஜெக்ட் ஆகிவிடும் என்பதால், குனியும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்வார். நுரையீரல் கெட்டு வீட்டோடு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. செம்பாக்கம் வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் அடித்தபோதுகூட வாயை இறுக்கிக்கொண்டுதான் அடித்தார்.

நான் ஏதென்ஸில் வேலை பார்க்கிறேன். போன லீவில் அங்கிருந்து ஒரு ஐகான், கிரேக்கச் சர்ச்சுகளில் வைத்துக் கும்பிடும் படம், கொண்டுபோனேன். மரப்பலகையில் தங்கப் பின்னணி, மரியாளின் மடியில் குழந்தை. மாமா அதை ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முட்டை மஞ்சள் கருவில் குழைத்த நிறம், தின்னர் வாடையே கிடையாது என்று நான் சொன்னதும், தானும் வரையப்போவதாகச் சொன்னார். வீடியோ பாடங்களை நான் போனில் தமிழாக்க, அவர் கற்றுக்கொண்டார். எதிர்வீட்டு ஏகநாதன், "இன்னா சார், உங்க சர்ச்சுல படம் கும்பிட மாட்டீங்களே, எங்க பக்கம் வந்துட்டீங்களா?" என்று சீண்டினாராம். மாமா சிரித்ததோடு சரி.

உண்மைக் காரணம் அக்கா. அவர்களுக்குப் பிறந்தது ஒரே பிள்ளை. பிறக்கும்போதே மூச்சில்லை. அக்காவுக்கு மயக்கம் தெளிவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. போட்டோ கிடையாது, முகத்தைப் பார்த்தது மாமா மட்டும். எப்படி இருந்தான் என்று அக்கா இத்தனை வருஷம் கேட்டதில்லை. ஐகானைப் பார்த்த அன்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை, வரைந்து காட்டுகிறேன் என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் ஐகானில் முகம் கடைசிதான். தங்கம் முதலில். தலைகளைச் சுற்றிய ஒளிவட்டங்களுக்குச் செம்மண் பூசி, காய்ந்ததும் அதன்மேல், மூக்குக்கண்ணாடி துடைக்க 'ஹா' என்று விடுவோமே, அப்படி மூச்சு விட வேண்டும். அந்த ஈரத்தில்தான் தங்கத்தாள் ஒட்டும். மாமாவால் அது மட்டும் முடியவில்லை. குனிந்தால் தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும். தாள்கள் வழுக்கி மடியில் விழுந்து நொறுங்கின.

நவம்பரில் ஒரு பிற்பகல், வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. தாயின் வட்டத்தில் வைத்த தாள் வழக்கம்போல விழுந்தது. அடுத்ததைப் பிரஷ் நுனியில் எடுத்து, குழந்தையின் வட்டத்துக்குக் கொண்டுபோனார். உதடுகள் இறுகியிருந்தன. பிரஷ் பலகையை நெருங்கும் முன்பே தாள் நடுவில் குழிந்து, தாவி ஒட்டிக்கொண்டது.

மழை ஈரமாக இருக்கும் என்றேன். மாமா தாயின் வட்டத்தைத் தொட்டு, விரலைக் கேமராவில் காட்டினார். ஈரமே இல்லை. பிறகு புறங்கையைக் குழந்தையின் வட்டத்தருகே கொண்டுபோனவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சூடா இருக்குப்பா" என்றார்.

சமையலறையிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார். அவள் ஏன் என்று கேட்காமல் தாயின் வட்டத்தின் மேல் குனிந்து 'ஹா' என்று விட்டாள். தங்கம் ஒட்டியது.

முகத்துக்கு முதலில் கரும்பச்சை பூச வேண்டும்; அதன்மேல் படிப்படியாக வெளிச்சம் ஏற்ற வேண்டும். சில நாட்களில் தாயின் முகம் தெளிந்துவிட்டது. குழந்தையின் முகம் இன்னும் பச்சையில் கிடந்தது. அன்றும் மழை; நான் போனில் இருந்தேன். அக்கா மாமாவின் பின்னால் வந்து நின்றாள்.

"இப்படித்தான் இருந்தானா?"

மாமா பிரஷை இறக்கினார். "இந்தக் கலர்தான், சுஜி."

அழுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பலகைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நிறுத்தாதீங்க. வெளிச்சம் போடுங்க. மூச்சு விட்டிருந்தா எப்படி இருந்திருப்பான்னு நான் பார்க்கணும்."

மாமா மஞ்சளைத் தொட்டுக்கொண்டு குனிந்தார். அவருடைய இழுப்புச் சத்தம் நின்றது. அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. ஃபேன் ஓடவில்லை. மழையும் விட்டிருந்தது.

அப்போது போனில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. சின்னதாக, வேகமாக, விட்டு விட்டு.

மாமா என்று கூப்பிட வாயெடுத்தேன். அக்கா பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, உதட்டில் விரலை வைத்து என்னைத் தடுத்தாள்.