விழுப்புரம் பஸ்ஸில் ஒரு ஜப்பானியப் பாட்டு

என் தங்கை மீனாவுக்கு ஜப்பான் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலைக்கு இன்று மாலை நான்கு மணிக்கு வீடியோ இன்டர்வியூ. அது ஜப்பான் நேரம் என்பது எங்களுக்குத் தெரியாது. மதியமே, கண்டாச்சிபுரத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில், வீடியோ கால் வந்துவிட்டது.

திரையில் ஒரு ஜப்பானிய அம்மா. பதற்றத்தில் மீனாவுக்கு, ஜப்பானிய மொழியில் படித்துவைத்த பதிலெல்லாம் மறந்துபோனது. அந்த அம்மா சிரித்தபடி வேறு ஏதோ கேட்டார்.

"இன்னாடி கேக்குறாங்க?"

"கரோக்கி பாடுவியான்னு கேக்குறாங்கக்கா. அங்க இருக்குற பெரியவங்களுக்கு அதான் பொழுதுபோக்காம்."

"தெனம் பாத்திரம் கழுவிக்கினு பாடுவியே, அதையே பாடுடி!"

ஜப்பானியப் பெண்கள் கரோக்கியில் விரும்பிப் பாடும் பழைய காதல் பாட்டு அது. மீனா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார். மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோடு வந்த அக்கா, "யாரும் பேசாதீங்க, பொண்ணு பாடுது" என்று எல்லோரையும் அடக்கினார். திரையிலிருந்த அம்மாவும் கூடவே பாடினார்.

முடிந்ததும் மீனா அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள்.

"வேலைக்கு வரச் சொல்லிட்டாங்கக்கா!"

பஸ்ஸே கைதட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மீனாவுக்குக் கரோக்கியில் பாட இன்னும் ஜப்பானியப் பாட்டு வேண்டுமாம். தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். சின்னப் பாட்டாக இருக்கட்டும். இன்று நாலைந்து பேர் இறங்கவேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டார்கள்.